வாஷிங் மெஷின் பஞ்சு வடிகட்டி: பதினோரு மாதக் கணக்கு

மகள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும்போதெல்லாம் சாக்லேட் வரும், சீஸ் வரும். போன ஆகஸ்டில் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள். "அம்மா, இது உன் வாஷிங் மெஷினுக்கு." டிபன் கேரியரில் இரண்டு அடுக்கு உயரம். மேலே, உள்ளே இருப்பது தெரிகிற மூடி, பக்கத்தில் இரண்டு குழாய் மூக்கு, உள்ளே சல்லடைக் கூடு. துவைத்த அழுக்குத் தண்ணீர் இதன் வழியாகப் போனால் அதிலிருக்கும் நூல் துணுக்குகளை இது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பாலியஸ்டர் மாதிரி சிந்தெடிக் துணியின் நூல் என்றால் பிளாஸ்டிக்தான், அது தண்ணீரோடு கடலுக்குப் போகாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. விலை 90 யூரோ. நம் பணத்தில் எவ்வளவு என்று அவள் சொன்னதும் என் வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

பதினோரு மாதம் ஆகிவிட்டது. "வாங்கலாமா?" என்று எங்கள் பிளாக்கில் ஐந்தாறு பேர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். நாலு மாடி ஏறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயர் போடவில்லை. நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் இந்த மாதிரி வெளியே மாட்டும் டப்பா எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

என்னைப் பற்றி ஒரு வரி. 31 வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்தவள். 20 கிராமுக்கு ஒரு ஸ்டாம்ப், 21 ஆகிவிட்டால் இன்னொன்று என்று சொல்லி எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எதைப் பார்த்தாலும் எடை போட்டுப் பார்க்கும் புத்தி ஓய்வு பெற்றும் போகவில்லை. டப்பா வந்த வாரமே நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று ஆன்லைனில் வாங்கிவிட்டேன்.

முதலில் மாட்டுவது. எங்களுடையது 7 கிலோ ஃப்ரன்ட் லோடு. மெஷினின் கழிவுக் குழாயைத் தரைத் துவாரத்திலிருந்து எடுத்து டப்பாவின் மேல் மூக்கில் சொருக வேண்டும். கீழ் மூக்கிலிருந்து இன்னொரு குழாய் துவாரத்துக்குப் போகும். டப்பா சுவரில், மெஷினைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் பம்ப் தண்ணீரை அந்த உயரத்துக்குத் தள்ளிவிட்டால், பிறகு அது தானாக வடிந்து இறங்கும். பிளம்பர் 400 ரூபாய் வாங்கினார், அரை மணி நேர வேலை.

இங்கேயே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பம்ப் இல்லாமல் அடியில் தானாக வடிகிற டாப் லோடு மெஷின்களும், செமி ஆட்டோமேட்டிக்கும் நம் ஊரில் நிறைய. அவற்றுக்கு இது சரிப்படாது. கொடுமை என்னவென்றால், நூல் அதிகம் உதிர்ப்பது டாப் லோடுதான். 2016இல் கலிஃபோர்னியாவில் சிந்தெடிக் ஜாக்கெட்டுகளை இரண்டு விதத்திலும் துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஃப்ரன்ட் லோடில் வந்ததைப்போல 7 மடங்கு டாப் லோடில் வந்ததாம். டாப் லோடுக்குள் தொங்கும் அந்த வலைப் பையில் பஞ்சு சேர்கிறதே என்று கேட்பீர்கள். சேர்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிற பெரிய பஞ்சு. பாலியஸ்டர் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிசு. அந்த வலை அதற்குக் கோயில் கோபுர வாசல்.

என் டப்பாவின் சல்லடைக் கண் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, என்று போட்டிருந்தது. முதல் துவைப்பு முடிந்து ஆசையாகத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. இரண்டாவது, மூன்றாவது, அதே கதை. மகளிடம் ஃபோனில், "உன் டப்பா தூங்குகிறது" என்றேன். ஐந்தாவது துவைப்புக்குப் பிறகுதான் சல்லடை முழுக்க நீலமும் சாம்பலும் கலந்த ஒரு படலம். பழைய ஏ.டி.எம். கார்டால் ஓரத்தைக் கிளப்பினால் பாலாடை மாதிரி ஒரே ஏடாக உரிந்து வந்தது. எந்த நிறத் துணியைப் போட்டாலும் ஏடு அதே நிறத்தில்தான் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை.

பிறகு யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. காபி ஃபில்டரைப் பாருங்கள். அதன் ஓட்டை வழியே காபித்தூள் தாராளமாக இறங்கும். பொடியைப் போட்டு அழுத்தியதும் பொடியே பொடிக்கு வடிகட்டி ஆகிவிடுகிறது. முதலில் இரண்டு சொட்டு கலங்கலாக விழும், அப்புறம் தெளிவாக இறங்கும். இந்த டப்பாவும் அப்படித்தான். மெல்லிய இழை சல்லடைக் கண்ணைவிட ஒல்லி, நெட்டுக்குத்தாக வந்தால் நழுவிப் போய்விடும். நாலு இழை பின்னிக்கொண்டு படலம் கட்டிய பிறகுதான் அடுத்து வருவது மாட்டுகிறது. அதனால் ஒவ்வொரு துவைப்புக்கும் சுத்தம் செய்யாதீர்கள். பத்து துவைப்புக்கு ஒருமுறை போதும். இது டப்பாவோடு வந்த காகிதத்தில் இல்லை, நானாகக் கண்டுபிடித்தது.

காயவைத்து எடை போட்டால், சாதாரணமாக ஒரு துவைப்புக்கு அரை கிராம்கூட வராது. மருமகனின் ஃப்ளீஸ் (பஞ்சு மாதிரி மெத்தென்ற பாலியஸ்டர் துணி) ஜாக்கெட்டையும் புதிதாக வாங்கிய ஃப்ளீஸ் போர்வையையும் சேர்த்துப் போட்ட அன்று மட்டும் 2.3 கிராம். இவ்வளவும் பிளாஸ்டிக்கா என்றால் இல்லை. டப்பாவுக்குப் பருத்தியும் தெரியாது, பாலியஸ்டரும் தெரியாது, வருவதைப் பிடிக்கும். ஈரோட்டில் துணி வியாபாரம் செய்த என் அண்ணன் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். ஒரு பகுதி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தது, அது பருத்தி. மீதி சுருங்கி, உருகி, கறுப்பாகக் கடுகு அளவில் ஓர் உருண்டையாக நின்றது. ஆறியதும் நகத்தால் அழுத்தினேன். உடையவில்லை. துவைத்த தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது அதுதான். என் நைட்டி, அவருடைய டி-ஷர்ட்.

மூன்றாவது மாதம் ஒரு கூத்து. காலையில் நடைப்பயிற்சி முடிந்து வந்தால் சல்லடைக் கூடு புதுசுபோலப் பளபளவென்று மெஷின் மேல் காய்கிறது. "ஒரே அழுக்கா இருந்துச்சும்மா. பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் குழாயில காட்டிட்டேன்" என்கிறார் வீட்டுக்காரர். முகத்தில் அவ்வளவு பெருமை. பத்து துவைப்பு பிடித்து வைத்ததை ஒரே நிமிஷத்தில் பாத்திரம் தேய்க்கிற தொட்டி வழியாக அனுப்பிவிட்டார். 90 யூரோ டப்பா வைத்தும், அன்றைக்கு வைக்காத வீட்டுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லை. "எல்லாம் கீழே எஸ்.டி.பி.க்குத்தானே போகுது, அங்க சுத்தம் பண்ணிடுவாங்க" என்றார். எஸ்.டி.பி. என்றால் குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம். கூட்டின் மேல் "கழுவாதே" என்று மார்க்கரில் எழுதினேன். ஆனால் அவர் கேட்டது மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. சுத்தம் பண்ணிவிடுவார்களா?

எங்களுடையது சென்னை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 84 வீடுகள் கொண்ட குடியிருப்பு. நாங்கள் வாங்கியபோது இந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை, அடித்தளத்தில் சொந்த எஸ்.டி.பி. ஏழு வருஷமாக மெயின்டெனன்ஸ் கட்டுகிறேன், ஒரு நாள் இறங்கிப் பார்த்ததில்லை. அடுத்த வாரம் இறங்கினேன். நெய்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர்தான் ஆபரேட்டர். நாற்றம் குடலைப் பிடுங்கும் என்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு போனால், மழை விட்ட தோட்டத்து மண் வாசனை. "நல்லா ஓடுச்சுன்னா மண்ணு வாசனதான் மேடம் வரும். நாறுச்சுன்னா காத்து பத்தலன்னு அர்த்தம்" என்றார்.

முதலில் ஒரு கம்பிச் சல்லடை. அதில் மாட்டுவது முடி, குழந்தை துடைக்கும் ஈரத்தாள், பிளாஸ்டிக் கவர். அவர் கையால் எடுக்கிறார். (தயவுசெய்து அந்தத் தாளைக் கழிவறையில் போடாதீர்கள், அந்தப் பிள்ளை தினமும் அள்ளுகிறார்.) அப்புறம் காற்று ஊதும் தொட்டி. அதில் கூட்டம் கூட்டமாக மிதந்து சுழல்கிறது ஏதோ ஒன்று, எண்ணெயில் பொரிக்கிற சக்கர அப்பளம் அச்சாக அப்படியே. கிருமிகள் ஒட்டி வளர்வதற்காகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரங்களாம். கழிவை அந்தக் கிருமிகள்தான் தின்கின்றன. பிளாஸ்டிக்கைப் பிடிக்கும் இடத்திலேயே இத்தனை பிளாஸ்டிக்கா என்று சிரிப்பு வந்தது. 2018இல் இத்தாலியில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து இதே மாதிரி சில்லுகள் கோடிக்கணக்கில் தப்பி, மேற்குக் கடற்கரை நெடுக ஒதுங்கியதாம். எங்கள் தொட்டியின் வெளி வாயில் வலை கிழியாமல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது.

"நூல் வந்தா என்ன ஆகும் தம்பி?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். "இதுக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது மேடம். சேத்தோட ஒட்டிக்கிட்டு அடியில உட்காரும். மிச்சம் மணல் ஃபில்டர்ல நிக்கும்." மணல் ஃபில்டரில் எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது அந்தத் தண்ணீர்? "திரும்ப முதல் தொட்டிக்கே போயிரும்." சரி, அடியில் உட்கார்ந்த சேறு? அவர் வெளியே கையைக் காட்டினார். பிழிந்து காயவைத்த வரட்டி மாதிரி கட்டிகள் சாக்கில் அடுக்கியிருந்தன. "நம்ம தோட்டத்துக்கு அதுதான் உரம். செம்பருத்தி என்னமா பூக்குது பாத்தீங்களா?"

ஒரு கட்டியில் கொஞ்சம் உடைத்து, காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் தபால்தலை பார்க்கிற பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், கறுப்பு மண்ணுக்குள் ஒரு சிவப்பு நூல். பக்கத்தில் ஒரு நீலம். அதன் பக்கத்தில் நிறமே இல்லாமல் மீன்முள் மாதிரி மினுங்கிக்கொண்டு ஒன்று. கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது என் டி-ஷர்ட்டா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை.

இதையெல்லாம் வைத்து நம் எஸ்.டி.பி. மோசம் என்று யாரும் சங்கத்தில் சண்டைக்குப் போக வேண்டாம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில், ஆறரை லட்சம் பேருக்கான ஒரு பெரிய நிலையத்தில் 2016இல் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உள்ளே வந்த தண்ணீரில் லிட்டருக்கு 15.7 பிளாஸ்டிக் துகள், வெளியே போனதில் 0.25. நூற்றுக்கு 98க்கு மேல் பிடித்தாகிவிட்டது. பரீட்சையில் இந்த மார்க் வாங்கினால் பையன் ஃபோட்டோ ஃப்ளெக்ஸில் வரும். ஆனால் போகிற தண்ணீர் அவ்வளவு என்பதால், அந்த மிச்சமே ஒரு நாளைக்கு ஆறரைக் கோடி துகள், கிளைடு ஆற்றில். பிடிபட்ட 98 எங்கே? அங்கே கணிசமான பங்கு மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுக்கும்போதே பிடிபட்டதாம், சேற்றிலும் இருந்தது.

நம் பக்கம் மிச்சத் தண்ணீர் போகும் வழியும் எனக்குத் தெரியும். கழிவறைக்கும் தோட்டத்துக்கும் போக மீந்தது மழைநீர் வடிகாலில் இறங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். பெருங்குடியில் இருக்கும் குடிநீர் வாரியத்தின் நிலையத்துத் தண்ணீரும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வழியாக இதே மடுவுக்குத்தான். பாலியஸ்டர் கடல் தண்ணீரைவிடக் கனம், மிதக்காது. மெல்ல அடியில் போய்த் தங்கும், நண்டும் இறாலும் மேயும் இடத்தில்.

இப்போது டப்பாவின் குறைகள். பெரிய குறை நம் தண்ணீருக்கு அது பழகவில்லை. மே மாதம் போர் வற்றி லாரித் தண்ணீர் ஓடியபோது, செம்மண் நிறத்தில் ஒரு வண்டல் வந்து மூன்றே துவைப்பில் சல்லடை அடைத்துக்கொண்டது. அடைத்தால் மெஷினுக்குள் தண்ணீர் தேங்கக் கூடாது என்று உள்ளே ஒரு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். அது திறந்து, தண்ணீர் வடிகட்டாமலே நேராகத் துவாரத்துக்குப் போய்விடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் திறந்ததைச் சொல்ல ஒரு விளக்கோ சத்தமோ இல்லை. இரண்டு வாரம் டப்பா வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். விற்றவர்களுக்கு எழுதினேன், கடின நீருக்கு மென்நீராக்கி மாட்டும்படி பதில் வந்தது. அதற்கு இன்னொரு 15,000 ரூபாய் யார் கொடுப்பது?

மூடியின் ரப்பர் வளையமும் எட்டு மாதத்தில் விறைத்துக் கசிய ஆரம்பித்தது. மாற்று வளையம் யூரோவில், கூரியர் செலவு அதைவிட அதிகம். குக்கர் கேஸ்கட் முதல் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, ஆர்.ஓ. சர்வீஸுக்கு வரும் பையனிடம் காட்டினேன். பையிலிருந்து ஒரு வளையம் எடுத்துப் போட்டார், 40 ரூபாய். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

பிடிக்கும் திறன் எவ்வளவு என்று நான் அளக்க முடியாது. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2020இல் ஆறு விதச் சாதனங்களைச் சோதித்தார்கள், வெளியே மாட்டும் வடிகட்டி, துணியைப் போட்டு மூடும் பை, டிரம்மில் உருளும் பந்து என்று. சிறந்தது 78 சதவீத நாரைத் தடுத்தது, கடைசியில் வந்தது 21. ஆகவே "99% பிடிக்கும்" என்று டப்பா மேல் போட்டிருந்தால் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படியுங்கள்.

என்னைக் கவர்ந்தது கனடாவின் பாரி சவுண்ட் என்ற சின்ன ஊரின் கதை. ஒரு சோதனைக்காக அங்கே 97 வீடுகளில் இப்படி வடிகட்டி மாட்டினார்கள். ஊரில் பத்தில் ஒரு வீடு. மாட்டிய பிறகு ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் நார் 41 சதவீதம் குறைந்தது என்று 2021இல் எழுதினார்கள். எங்கள் 84 வீட்டில் பத்தில் ஒன்று என்றால் எட்டு வீடு. சங்கக் கூட்டத்தில் சொன்னேன். பொருளாளர், "எஸ்.டி.பி.க்கே பெரிய மெம்பிரேன் வடிகட்டி போட்டால் எத்தனை லட்சம் தெரியுமா?" என்று ஆரம்பித்து, பேச்சு பார்க்கிங் தகராறில் முடிந்தது. இதுவரை என்னைத் தவிர இரண்டு வீடு சேர்ந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இது நாம் சுவரில் ஆணி அடித்து மாட்ட வேண்டியதே இல்லை, மெஷினுக்குள்ளேயே வந்திருக்க வேண்டும். பிரான்ஸ் 2020இல் போட்ட சட்டத்தில், 2025 முதல் புது மெஷின்களில் வடிகட்டி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

காசு செலவில்லாமல் ஒன்று. நான் டெலிகேட் சுற்றுதான் துணிக்கு நல்லது என்று எல்லாவற்றையும் அதிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அதில் தண்ணீர் அதிகம், அதனால் நாரும் அதிகம் உதிரும் என்று 2019இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கண்டிருக்கிறார்கள். சாதாரணச் சுற்றைவிட எட்டு லட்சம் நார் கூடுதலாம். இப்போது மெஷின் நிறையச் சேர்ந்த பிறகு, சாதாரணச் சுற்றில்தான் போடுகிறேன். கரண்ட் பில்லும் குறைந்தது.

ஆக, பம்ப் உள்ள ஃப்ரன்ட் லோடு, ஓரளவு நல்ல தண்ணீர், பத்து துவைப்புக்கு ஒருமுறை ஈரம் காயவிட்டுச் சுரண்டி எடுக்கப் பொறுமை, குழாயில் காட்டாத வீட்டுக்காரர். இந்த நாலும் இருந்தால் வாங்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த மாற்று வழிக்கு ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தால் நாலு.

சுரண்டி எடுத்த பஞ்சை என்ன செய்வது என்பதற்குக் காகிதத்தில் "குப்பையில் போடவும்" என்று ஒரே வரி. எங்கள் பக்கத்துக் குப்பை போய்ச் சேருவது பெருங்குடிக் கிடங்கு. அது இருப்பது அதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். முன் வாசலில் பிடித்ததைப் பின் வாசலில் விடவா என்று, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறேன். இன்று காலை நிறுத்தேன். வீட்டுக்காரர் கழுவி விட்டதும் மே மாதம் தப்பியதும் போக, 61 கிராம். சாதாரணக் கடிதமாக இருந்தால் நாலு ஸ்டாம்ப். தலையணை தைக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்கிறார் அவர். தீபாவளிக்கு வரும் மகளிடம் சாக்லேட்டே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், சல்லடைக் கூடு ஒன்றும் கூடவே.